ஆய்வேட்டில் வாதம் எங்கே உடைகிறது?

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவரின் கேள்வி இது: "என் இயல் ஒன்றைப் படித்த நெறியாளர், 'சான்று நிறைய இருக்கிறது, வாதம் இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தர்க்கப் பிழைகளின் பட்டியலை மனப்பாடமே செய்துவிட்டேன். ஆனாலும் என் எழுத்தில் எது பிழை என்று பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?"

முதலில் அந்தப் பட்டியலை ஒதுக்கி வையுங்கள். அடுத்தவர் கட்டுரையைப் படிக்கும்போது அது கொஞ்சம் உதவும். சொந்த எழுத்தில் உதவாது. காரணம், பிழை பெரும்பாலும் நாம் எழுதிய வாக்கியத்தில் இருப்பதில்லை, எழுதாமல் தாண்டிப்போன இடத்தில் இருக்கிறது. எந்த வாதத்திலும் மூன்று உறுப்புகள் உண்டு: நாம் நிறுவ வரும் கூற்று, அதற்குக் காட்டும் சான்று, அந்தச் சான்றிலிருந்து அந்தக் கூற்றுக்குப் போகலாம் என்று அனுமதிக்கிற பிணைப்பு. முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுகிறோம். மூன்றாவது மனசுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நெறியாளர் "வாதம் இல்லை" என்று சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பிணைப்பைத் தனியாக எடுத்து எழுதும் பழக்கத்தை இன்றைய கல்வி உலகத்தில் பரப்பியவர் ஸ்டீபன் டூல்மின் என்ற பிரித்தானியத் தத்துவ அறிஞர். 1958இல் வந்த அவருடைய நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. ஆனால் தமிழில் இந்தச் சிந்தனை புதிதில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு நடத்துவது ஒரு முழுத் தர்க்க வகுப்பு. பக்கம் (நிறுவ வரும் கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகும் என்று சொல்லிக்கொண்டு போகிறார். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. தமிழ் எம்.ஏ. பாடத்தில் இந்தக் காதையைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆய்வு முறையியல் வகுப்பில் முதல் மாதம் நடத்த வேண்டிய பகுதி அது.

சரி, பயிற்சிக்கு வருவோம். உங்கள் இயலில் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, அதை இந்த வடிவில் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: "இந்தச் சான்று இருக்கிறது, ஆகவே இந்தக் கூற்று சரி, ஏனென்றால்..." அந்த "ஏனென்றால்" என்பதற்குப் பிறகு என்ன வருகிறதோ அதுதான் உங்கள் வாதம். அங்கே எழுத ஒன்றும் வரவில்லை என்றாலும், எழுதியதைப் பார்த்து உங்களுக்கே கூச்சமாக இருந்தாலும், உடையும் இடம் கிடைத்துவிட்டது.

தமிழியலிலேயே மிகப் பிரபலமான ஒரு வாதத்தை வைத்து இதைச் செய்து காட்டுகிறேன். சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில், சேர மன்னன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவுக்கு வந்தவர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" ஒருவன். இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சத்தில் கஜபாகு என்ற அரசன் இருக்கிறான். 22 ஆண்டு ஆண்டான். அவன் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. ஆகவே செங்குட்டுவனும் 2ஆம் நூற்றாண்டு. ஆகவே அவனைப் பாடிய பரணரும், பரணர் பாடிய மற்ற அரசர்களும் அதை ஒட்டிய காலம். சங்க காலக் கணக்கின் நங்கூரமாக நெடுங்காலம் இருந்தது இந்த ஒப்பீடு. வி. கனகசபை 1904இல் வெளியிட்ட நூலில் இருந்து இன்றைய ஆய்வேடுகள் வரை தொடர்ந்து வருகிறது.

இதில் சொல்லாமல் விட்ட பிணைப்புகளை எழுதிப் பாருங்கள். சிலப்பதிகாரம் நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதப்பட்டது, அல்லது குறைந்தது அந்த வரி உண்மைச் செய்தியைத் தாங்கி வருகிறது என்பது ஒன்று. அந்தக் கயவாகு மகாவம்சத்தின் முதலாம் கஜபாகுதான் என்பது இரண்டு. மகாவம்சம் அந்த அரசனுக்குத் தரும் காலக்கணக்கு நம்பத்தக்கது என்பது மூன்று. காப்பியத்துச் செங்குட்டுவனும், சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் பாடிய செங்குட்டுவனும் ஒரே ஆள் என்பது நான்கு. அரசர்களையும் புலவர்களையும் கோத்துப் போடும் தலைமுறைக் கணக்கு சரி என்பது ஐந்து. ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் "இருக்கலாமே" என்றுதான் தோன்றும். தாராளமாக ஒவ்வொன்றுக்கும் 80 விழுக்காடு நம்பிக்கை கொடுப்போம். ஒன்றையொன்று சாராத ஐந்தும் ஒருசேரச் சரியாக இருக்க வேண்டும் என்றால் மொத்த நம்பிக்கை 33 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. நீளமான சங்கிலி வாதங்களில் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். கண்ணி ஒவ்வொன்றும் உறுதியாகத் தெரிவதால் சங்கிலியும் உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது கண்ணியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் இது: இலங்கையில் கஜபாகு என்ற பெயரில் இரண்டு அரசர்கள்தான் உண்டு, இரண்டாமவன் 12ஆம் நூற்றாண்டு, சிலம்பு அவ்வளவு பிந்தியது இல்லை, ஆகவே முதலாமவன்தான். கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது வழி ஒன்று விடுபட்டுப்போகிறது. பிற்காலத்தில் எழுதிய ஒரு கவிஞர், புகழ்பெற்ற ஒரு பழைய அரசன் பெயரை விழாவுக்கு அழைத்திருக்கலாம். கஜபாகு கதையைத் தொன்மமாகவே பார்க்க வேண்டும் என்று மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1970இல் வாதிட்டார். அவர் சொல்வதை ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வழி இருக்கிறது என்று சொல்லி, அதை ஏன் விலக்குகிறோம் என்று எழுத வேண்டும். இரண்டே வழிதான் என்று காட்டி ஒன்றை அடைத்துவிட்டு மற்றதை நிறுவியதாகச் சொல்வது ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை.

மூன்றாவது கண்ணியில் இன்னொரு விஷயம். கஜபாகுவின் ஆட்சித் தொடக்கத்தை 113 என்று வைப்பவர்களும் உண்டு, 170களில் வைப்பவர்களும் உண்டு. இந்த அறுபது ஆண்டு இடைவெளி எங்கிருந்து வருகிறது? மகாவம்சம் ஆண்டுகளை எண்ணத் தொடங்கும் புத்தர் நிர்வாண (மறைவு) ஆண்டைக் கி.மு. 544 என்று கொள்வதா 483 என்று கொள்வதா என்பதிலிருந்து. அதாவது சேரன் காலத்தைப் பற்றிப் பேசும் நம் வாதம், பௌத்த உலகத்தின் முற்றிலும் வேறான ஒரு விவாதத்தின் மேல் நிற்கிறது. "கஜபாகு காலம் 171–193" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகரும் ஆய்வாளர் இதை வாசகருக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறார். பல நேரம் தமக்கே தெரியாமல்.

அறவண அடிகள் சொல்லும் ஏதுப் போலிகளில் ஒன்று இதற்கு நேராகப் பொருந்தும். தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, ஆகவே நெருப்பு உண்டு என்று துணிவது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது சரியான விதிதான். கண்ணில் பட்டது புகைதானா என்பதே கேள்வி. சிலம்பின் கயவாகுவும் அப்படித்தான். நம் கையில் இருப்பது வரலாற்றுச் செய்தியா, காப்பிய அலங்காரமா என்ற கேள்வி தீரும் முன்பே அதை ஏதுவாக வைத்துவிட்டோம்.

இன்னொரு போலி இதைவிட நுட்பமானது. "சத்தம் நிலையற்றது, ஏனென்றால் அது அறியப்படுகிறது" என்று ஒருவர் சொல்கிறார். நிலையற்ற குடமும் அறியப்படுகிறது. நிலையான ஆகாயமும் அறியப்படுகிறது. அப்படியானால் அறியப்படுதல் எந்தப் பக்கத்தையும் நிறுவாது. ஆய்வு எழுதுபவர்கள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய சோதனை இது. நீங்கள் காட்டும் சான்று, உங்கள் கருதுகோள் தவறாக இருந்தாலும் இதே மாதிரிக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றால் அது எத்தனை பக்கம் நிரப்பினாலும் சான்று ஆகாது. பானை ஓட்டுக் கீறல் ஒன்றும் சிந்துவெளிக் குறி ஒன்றும் ஒத்திருக்கின்றன என்று காட்டுபவர், எளிய கோட்டு வடிவங்கள் தொடர்பே இல்லாத பண்பாடுகளிலும் தற்செயலாக எந்த அளவுக்கு ஒத்துப்போகும் என்பதையும் காட்டியாக வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத ஒற்றுமை, தொடர்பு உண்டு என்றாலும் பொருந்தும், இல்லை என்றாலும் பொருந்தும்.

வட்ட வாதம் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். ஆனால் அது ஒரே பத்திக்குள் வருவது அபூர்வம். நூல்களுக்கு நடுவே, தலைமுறைகளுக்கு நடுவே ஓடும். ஒருவர் கஜபாகுவை வைத்துச் செங்குட்டுவன் காலத்தைக் குறிக்கிறார். அடுத்தவர் அந்தக் காலத்தை எடுத்துச் சேரர் பட்டியலை வரிசைப்படுத்துகிறார். மூன்றாமவர் அந்த வரிசையைக் கொண்டு ஒரு கல்வெட்டில் வரும் பெயரை அடையாளம் காண்கிறார். நான்காமவர் "கல்வெட்டும் இந்தக் காலத்தை உறுதி செய்கிறது" என்று எழுதுகிறார். நான்கு மேற்கோள்கள் வந்துவிட்டன, சான்று இன்னும் ஒன்றுதான். இதைப் பிடிக்க ஒரே வழி அடிக்குறிப்பைப் பின்தொடர்ந்து போவது. ஒவ்வொரு மேற்கோளும் எதை நம்பி நிற்கிறது, அது எதை நம்பி நிற்கிறது என்று முதன்மைச் சான்று வரும்வரை போங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பாதி ஆய்வேடுகளின் கதி இங்கேயே தெரிந்துவிடும்.

சான்று இல்லாமையை வைத்து வாதிடுவதிலும் கவனம் வேண்டும். மகாவம்சம் கஜபாகு செங்குட்டுவனைப் பார்க்கப் போனதாகச் சொல்லவில்லை, ஆகவே அது நடக்கவில்லை என்கிறார்கள் சிலர். மகாவம்சம் பிக்குகள் எழுதியது. அவனைப் பற்றிய சிறு பகுதியில் அவர்கள் அக்கறை காட்டுவது விகாரைகளுக்குச் செய்த திருப்பணிகளில்தான். அயல்நாட்டில் நடந்த ஒரு பத்தினி விழாவை அவர்கள் விட்டுவிட்டதில் வியப்பில்லை. அந்த மௌனத்துக்கு எடை குறைவு. இதையே பதிற்றுப்பத்தில் பாருங்கள். செங்குட்டுவனைப் புகழ்வதற்கென்றே பரணர் பாடிய பாட்டுகளுக்குள் பத்தினிக்குக் கல் எடுத்த செய்தி இல்லை. பின்னால் சேர்க்கப்பட்டதாகக் கருதப்படும் பதிகத்தில்தான், அதாவது அந்தப் பத்தைப் பற்றிய குறிப்புப் பாட்டில்தான், வருகிறது. சொல்ல எல்லாக் காரணமும் இருந்தவர் சொல்லாமல் விட்டால் அந்த மௌனம் கனமானது. அப்படியும் பாட்டு முந்தியது, விழா பிந்தியது என்று ஒருவர் பதில் சொல்லலாம். மௌனத்தை எடை போடும்போது கேட்க வேண்டியது ஒன்றே: நடந்திருந்தால், இந்த இடத்தில், இந்த ஆள் அதைச் சொல்லியிருப்பாரா?

ஆளைத் தாக்கும் வாதம் பற்றிப் பேசாமல் தமிழியலைத் தாண்ட முடியாது. எஸ். வையாபுரிப்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்தவர். சிலப்பதிகாரம் உள்ளிட்ட நூல்களுக்கு மிகப் பிந்திய காலம் குறித்தார். அவருக்கு வந்த மறுப்புகளில் ஒரு பங்கு அவருடைய நோக்கத்தைப் பற்றியது. வடமொழிப் பற்றாளர், தமிழ்ப் பகைவர் என்பதோடு நின்றுவிட்டவை உண்டு. அவருடைய பல காலக்குறிப்புகளை நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர் சொல்வடிவங்களையும் இலக்கணக் கூறுகளையும் சான்றாக வைத்தார். பிந்தியது என்று அவர் காட்டும் ஒரு வடிவம் முந்திய கல்வெட்டில் கிடைத்துவிட்டால், அவர் வாதத்தில் அந்தக் கல் உருவிவிடும். அதுதான் மறுப்பு. அவர் யார் என்பதை எழுதுவதால் ஒரு எழுத்துக்கூட நகராது. இதன் மறுபக்கமும் இதே பிழைதான்: "இதைப் பேராசிரியர் இன்னாரே கூறியுள்ளார்" என்று முடிப்பது. பெரியவர் சொன்னார் என்பது தேடத் தொடங்கும் இடம். அவர் எதை வைத்துச் சொன்னார் என்று எழுதாதவரை உங்கள் பத்தி முடியவில்லை.

அப்படியானால் நல்ல வாதம் எப்படி இருக்கும்? சேரர் துறைமுகமான முசிறியைப் பாருங்கள். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி முசிறியையும் சேர அரசனையும் குறிப்பிடுகிறார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு முசிறித் துறைமுகத்து வணிகத்தை விவரிக்கிறது. வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று முசிறியை ஒட்டிய கடன் ஒப்பந்தத்தையும், எர்மப்பொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பையும் பதிவு செய்கிறது. தமிழ்ப் புலவர் பிளினியைப் படிக்கவில்லை. பாப்பிரஸ் எழுதிய கணக்கர் அகநானூற்றைக் கேள்விப்பட்டதில்லை. ஒன்றையொன்று அறியாத சான்றுகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போகும். இங்கே ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றவை நிற்கும். உங்கள் இயலில் பத்துச் சான்றுகள் இருந்தால், அவற்றில் எத்தனை ஒன்றையொன்று சாராதவை என்று எண்ணிப் பாருங்கள்.

கூற்றின் அளவு சான்றின் அளவை மீறாமல் பார்த்துக்கொள்வது அடுத்த பெரிய விஷயம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமாதிரி கி.மு. 580 என்று காலம் காட்டியதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதிலிருந்து "கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே இங்கே எழுத்தறிவு இருந்தது" என்ற கூற்றுக்குப் போக வேண்டுமானால் நடுவில் சில பிணைப்புகள் தேவை. கரிமக் காலக்கணிப்பு அந்தக் கரியின் காலத்தைச் சொல்கிறது, ஓட்டில் கீறிய எழுத்தின் காலத்தைச் சொல்வதில்லை. இரண்டும் கலையாத ஒரே மண்ணடுக்கில் கிடந்தன என்று நிறுவ வேண்டும். மரக்கரி என்றால் மரத்தின் வயதும் கணக்கில் வரும். போதாததற்கு, கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் அளவுத்திருத்த வளைவு (கரிம அளவீட்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் கோடு) கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பதால், அந்தக் காலத்து மாதிரிகள் எல்லாமே அகலமான வரம்பைத்தான் தரும். பழனி அருகே உள்ள பொருந்தலில் ஒரு ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல் கி.மு. 490 என்று காலம் காட்டியது. அதே ஈமச்சின்னத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த புரிமனையும் (பானையைத் தாங்கும் வளையம்) இருந்தது. நெல் ஓராண்டுப் பயிர், நெல்லும் எழுத்தும் மூடிய ஒரே இடத்தில் வைக்கப்பட்டவை. அதனால் அங்கே பிணைப்பு வலுவானது, வளைவுச் சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. இப்படி எழுதினால் கீழடியின் பெருமை குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். எதிர்த்து வருபவர் கேட்கும் முன்பே நாம் கேட்டுப் பதில் வைத்திருப்பதுதான் அந்த மண்ணுக்கு நாம் செய்யும் மரியாதை.

அறிவியல், சமூக அறிவியல் துறைக்காரர்களுக்கு ஒரு எடுத்துக்காட்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரும் ஹார்மோன் சிகிச்சை இதய நோயைக் குறைக்கிறது என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. மருத்துவர்கள் அதை நம்பி எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை 2002இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. சிகிச்சை பெற்ற குழுவில் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் இதய நோயும் கூடியிருந்தன. முன்பு தெரிந்த நன்மைக்கு ஒரு முக்கியக் காரணம், சிகிச்சையைத் தேடிப்போன பெண்கள் ஏற்கெனவே வசதியும் உடல்நலமும் கூடியவர்களாக இருந்தது. சிகிச்சையை எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதும் முக்கியம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருகின்றன என்றால், மூன்றாவது ஒன்று இரண்டையும் இழுத்து வருகிறதா என்று கேட்காமல் காரணம் என்ற சொல்லை எழுதாதீர்கள்.

இனி உங்கள் இயலைத் திருத்தும்போது சில சொற்றொடர்களைத் தேடிப் பாருங்கள். "என்பது வெள்ளிடைமலை", "ஐயத்திற்கு இடமின்றி", "அறிஞர் பலரும் ஒப்புவர்", "என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை". தமிழ் ஆய்வேடுகளில் இவை வரும் இடத்தில் பெரும்பாலும் சான்று காணாமல் போயிருக்கும். அதற்கு நேர்மாறாக, எல்லா வாக்கியத்தையும் "எனலாம்", "போலும்" என்று முடிப்பதும் தீர்வாகாது. எது உறுதி, எது வாய்ப்புள்ளது, எது ஊகம் என்று வாசகர் பிரித்தறிய முடியாமல் போகிறது. முடிந்தால் ஐயத்தின் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்: "பதிகம் பிந்தியது என்பதால் இதை உறுதியாகக் கொள்ள முடியவில்லை" என்ற ஒரு வரி பத்து "எனலாம்"களைவிடப் பயனுள்ளது.

மறுதரப்பை எழுதும்போது, அவர் படித்தால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று தலையாட்டும்படி எழுதுங்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்து அடிப்பது எளிது. வாய்மொழித் தேர்வில் அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவரே புறத்தேர்வாளராக வந்து உட்காரக்கூடும் என்பது நடைமுறைக் காரணம். உண்மையான காரணம் வேறு: மறுதரப்பின் மிக வலுவான வடிவத்தோடு மோதாத கூற்று எவ்வளவு தாங்கும் என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் பழகியதும் கண்ணில் படுவதெல்லாம் பிழையாகத் தெரியும் ஒரு கட்டம் வரும். பிறர் கட்டுரையில் பிழைக்குப் பெயர் சூட்டியதோடு அவர் முடிவு தவறு என்று நிறுவியதாக எழுதிவிடாதீர்கள். கஜபாகு ஒப்பீட்டை இவ்வளவு பிரித்துப் போட்டோம். அதனால் செங்குட்டுவன் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் இல்லை என்று ஆகிவிடாது. கரூர் அருகே உள்ள புகளூர்க் கல்வெட்டில் வரும் சேரர் பெயர்கள், ரோமானிய நாணயங்கள், கிரேக்க இலத்தீன் குறிப்புகள் எல்லாம் பழைய சேரரைக் கிறித்து சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் வைக்கக் கஜபாகுவின் துணையில்லாமலே உதவுகின்றன. முடிவு சரியாகவும் வாதம் பழுதாகவும் இருக்கலாம். அப்போது நாம் செய்ய வேண்டியது அந்த முடிவுக்கு வேறு கால் கொடுப்பது.

உங்கள் இயலில் எந்தப் பத்தியிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், உங்களுக்கு மிகவும் பிடித்த பத்தியிலிருந்து. அந்தப் பத்தியில்தான் "ஏனென்றால்" என்று நீங்கள் ஒருமுறைகூட உங்களையே கேட்டிருக்க மாட்டீர்கள். அதை எழுதி முடித்த பிறகு, உங்கள் முடிவை ஏற்காத ஒரு நண்பரிடம் அந்த ஒரு பத்தியை மட்டும் கொடுத்து, எந்த வரியில் நம்ப மறுத்தார் என்று கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள்.